பால் பார்க்க நன்றாக இருக்கிறது, செல் எண்ணிக்கை மட்டும் 4,40,000. என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். மூன்றாம் ஈற்றுப் பசு, கன்று ஈன்று நான்கு மாதம் ஆகிறது. பால் திரியவில்லை, மடியில் வீக்கமோ சூடோ இல்லை, தீவனமும் வழக்கம்போல் எடுக்கிறது. ஆனால் பரிசோதனையில் சோமாடிக் செல் ஒரு மில்லிக்கு 4,40,000 என்று வந்திருக்கிறது. கறவையும் சற்றுக் குறைந்த மாதிரி தெரிகிறது. இந்தச் செல் என்பது சீழா? அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

பதில் 1:
விட்டுவிடாதீர்கள், ஆனால் பயமும் வேண்டாம். அவை பெரும்பாலும் பசுவின் சொந்த வெள்ளை அணுக்கள். நல்ல மடியிலும் இருக்கும், பொதுவாக ஒரு லட்சத்துக்குக் கீழே. அப்போது அதிகம் இருப்பவை மேக்ரோபேஜ், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளை அணுக்கள். கிருமி நுழைந்ததும் மேக்ரோபேஜ் தகவல் அனுப்ப, ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமாக மடிக்குள் இறங்கும். பாவம், அவை கிருமியோடு பாலின் கொழுப்பையும் கேசின் என்ற புரதத்தையும் சேர்த்து விழுங்கிப் பாதி பலத்தை இழந்துவிடும். அதனால்தான் அவ்வளவு பேர் வரவேண்டியிருக்கிறது. ஈன்ற முதல் சில நாள் எண்ணிக்கை இயல்பாகவே ஏறும். நான்காம் மாதத்தில் அந்தக் காரணம் இல்லை. 2 லட்சம் தாண்டினாலே வெளியே தெரியாத மடிநோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

பதில் 2:
நான்கு காம்புப் பாலும் கலந்த எண் அது. மூன்றில் 50,000, ஒன்றில் 16 லட்சம் என்றாலும் சராசரி கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும். சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை) தட்டும் அதற்கான கரைசலும் வாங்கிப் பாருங்கள். முதல் பீச்சலைத் தனியே எடுத்துவிட்டு, நான்கு குழியிலும் தனித்தனியாகப் பால், அதே அளவு கரைசல், அப்புறம் மெல்லச் சுழற்றுங்கள். கரைசல் செல்லை உடைக்கும். உள்ளிருக்கும் டிஎன்ஏ சிக்கிக்கொண்டு கூழாகும். 10, 20 வினாடிக்குள் தெரிந்துவிடும்.

கேட்டவர்:
இன்று காலை பார்த்தேன். மூன்று குழியில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. முன் இடது மட்டும் ஜெல்லி போல நடுவில் குவிந்து, தட்டைச் சாய்த்தால் ஒரே கட்டியாக நகர்கிறது. அந்தக் காம்பின் நுனியைத் தடவினால் சொரசொரப்பான வெள்ளை வளையம் தட்டுப்படுகிறது. இயந்திரத்தில்தான் கறக்கிறோம்.

பதில் 1:
அந்த வளையம் முக்கியமான தடயம். பின் மடியில்தான் பால் அதிகம். முன் காம்புகள் முன்னதாகவே தீர்ந்துவிடும், இயந்திரத்தின் கப்பு வெறுமனே இழுத்துக்கொண்டே இருக்கும். நுனித் தோல் தடித்தால் கிருமி ஒட்டிக்கொள்ள வசதி, துடைத்தாலும் போகாது. பால் நின்றதும் கப்பை எடுங்கள், வெற்றிட அழுத்தத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தை நீங்களாக ஏற்றாதீர்கள். காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, சுத்தமான குப்பியில் மாதிரி எடுத்து மருத்துவர் மூலம் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மடிநோய்க் கிருமி விட்டுவிட்டுத்தான் பாலில் வரும்; ஒருமுறை இல்லை என்று வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை இந்தப் பசுவைக் கடைசியாகக் கறங்கள்.

பதில் 2:
கறந்ததும் நான்கு காம்பையும் அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் வையுங்கள். துவாரம் இறுக அரை மணியாவது ஆகும், அதுவரை படுக்கக் கூடாது.

கேட்டவர்:
சரி. மாதிரி எடுத்துவிட்டேன், நாளை மருத்துவரிடம் கொடுக்கிறேன். மற்ற பசுக்களின் காம்பு நுனியையும் தடவிப் பார்த்தேன், இன்னொன்றிலும் அந்த வளையம் லேசாக ஆரம்பித்திருக்கிறது. மாலைக் கறவையில் அதற்கும் தட்டு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.