அம்மோனியா இல்லாத டையும் ஒத்துக்கொள்ளவில்லை. இனி எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
வணக்கம். என் தலைமுடியில் ஏறக்குறைய பாதி நரைத்துவிட்டது. 'அம்மோனியா அற்றது' என்று அட்டையில் அச்சிட்ட கருப்பு டையைத்தான் சில ஆண்டுகளாகப் பூசி வந்தேன். இம்முறை பூசிய மறுநாள் மாலையில் காதுகளின் பின்புறமும் நெற்றியோரமும் சிவந்து தடித்தன; அரிப்பு தாங்க முடியவில்லை, கண்ணிமைகளும் வீங்கின. இப்போது தணிந்துவிட்டது. நரையை அப்படியே விட மனம் வரவில்லை. வேறு நிறுவனத்தின் அம்மோனியா அற்ற டையை வாங்கலாமா, மருதாணிக்கு மாறலாமா, அல்லது சில குளியல்களில் போய்விடும் தற்காலிகச் சாயமே போதுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
சகோதரி, வேறு நிறுவனத்தின் டையை வாங்கும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். முடியின் மேற்செதில்களை விரியச் செய்து சாயத்துக்கு வழிவிடுவதே அம்மோனியாவின் வேலை; மூக்கைத் துளைக்கும் நெடியும் அதனுடையதுதான். ஆனால் ஒரு நாள் கழித்துத் தோன்றும் இத்தகைய தடிப்புக்கும் இமை வீக்கத்துக்கும் பெரும்பாலும் காரணமாவது, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து முடிக்குள்ளேயே கருநிறமாக மாறும் பி.பி.டி. என்கிற பாரா-பினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள்தான், அம்மோனியாவை நீக்கிய டைகளிலும் அது இருக்கக்கூடும். இத்தனை ஆண்டுகள் ஒத்துக்கொண்டதே என்று நினைக்காதீர்கள். இந்த ஒவ்வாமை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும், அடுத்த முறை இன்னும் கடுமையாகவும் வரலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்து காரணத்தை உறுதிசெய்துகொண்ட பிறகே எதையும் வாங்குங்கள்.

பதில் 2:
மருதாணியைப் பற்றி நான் சொல்கிறேன். கலப்படமற்ற மருதாணித் தூளில் உள்ள லாசோன் என்ற இயற்கைச் சாயம், நரையைச் செம்பழுப்பாக்குமே தவிரக் கருப்பாக்காது. கருமை வேண்டுமானால் மருதாணி பூசி அலசிய பின் அவுரி இலைத் தூளைத் தனியாகப் பூச வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சிறிது நேரத்தில் அந்தப் பச்சை விழுதின் மேற்பரப்பில் நீலம் படரும். அதுதான் பூசுவதற்கு ஏற்ற பக்குவம், வெகுநேரம் வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அலசியதும் முடி சற்றுப் பச்சையாகத் தெரிந்தாலும், காற்றுப் பட்டு ஓரிரு நாட்களில் கருமை ஏறிவிடும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனாலும் உங்கள் நிலையில் இதையே பரிந்துரைப்பேன். ஒரே பூச்சில் கருப்பாக்கும் 'கருப்பு மருதாணி'யை மட்டும் தொடவே வேண்டாம், அதில் பி.பி.டி. கலந்திருக்கலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தற்காலிகச் சாயம் மருதாணியைவிடப் பாதுகாப்பானது இல்லையா?

பதில் 1:
அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பெராக்சைடு கலக்காத அந்த வகை முடியின் மேற்புறத்தில் படிவதால், பாதி நரைத்த தலையில் நரையை மங்கச் செய்யுமே தவிர முழுதாக மறைக்காது. மேலும், பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வேறு சில சாயங்களும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே மருத்துவர் அனுமதித்த பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் பூசுங்கள். பி.பி.டி. உள்ள டையை மட்டும் இப்படி வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.