கடை வண்டியை ஹைபிரிடுக்கு மாற்றினால் லாபமா?

கடைச்சாவி:
வணக்கம் நண்பர்களே. வாகன உதிரிபாகம் விற்கிற சின்ன வியாபாரம் எங்களுடையது. ஒர்க்‌ஷாப்களுக்குச் சரக்கு கொண்டுபோக ஒரே ஒரு பெட்ரோல் கார், பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கியோடு சேர்த்து அடைத்துக்கொண்டு கிளம்பும். ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட், எப்போதாவது ஒரு கியர்பாக்ஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊருக்குள்ளேயே சுற்றல்தான், சிக்னல், நெரிசல், போகிற இடத்திலெல்லாம் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பு. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். வண்டிக்கு வயதாகிவிட்டது, எப்படியும் மாற்றியாக வேண்டும். ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டி, எடுத்தால் எரிபொருள் செலவு பாதியாகிவிடும் என்கிறார் ஒருவர், பேட்டரி போனால் தலையில் துண்டுதான் என்கிறார் இன்னொருவர். விலையோ சாதாரண பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதல். எதை வைத்து முடிவெடுப்பது?

கணக்குப்பிள்ளை:
முதலில் மைலேஜ் என்கிற எண்ணை ஓரமாக வையுங்கள், அது ஆளை ஏமாற்றும். ஆண்டுக்கு எத்தனை லிட்டர் மிச்சம் என்று பாருங்கள். வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 10 கொடுக்கிற வண்டி 3,000 லிட்டர் குடிக்கும், 15 கொடுக்கிற வண்டி 2,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் மிச்சம். அதுவே 20 கொடுக்கிற வண்டியிலிருந்து 25 கொடுக்கிற வண்டிக்கு ஒருவர் மாறினால் 1,500 லிட்டர் 1,200 ஆகும், அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் கூடியது ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் மிச்சம் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது.

ஷோரூமில் உங்கள் பழைய வண்டியோடு ஹைபிரிடை ஒப்பிட்டுக் காட்டுவார்கள், அங்கே உஷார். பழையது எப்படியும் போகப்போகிறது. புது பெட்ரோல் வண்டி எடுத்தாலே மைலேஜ் ஏறத்தானே செய்யும்? அது 14 கொடுத்து, ஹைபிரிட் 20 கொடுத்தால், அதே ஓட்டத்துக்கு மிச்சம் சுமார் 640 லிட்டர். கூடுதல் விலைக்கு நியாயம் சொல்ல வேண்டியது இந்த 640 லிட்டர்தான். இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம், அதற்கான கடன் வட்டி, இன்ஷூரன்ஸ் வித்தியாசம் எல்லாவற்றையும் கூட்டி, ஓர் ஆண்டில் மிச்சமாகும் எரிபொருளின் விலையால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் வண்டியை வைத்திருக்கப்போகிற காலத்துக்குள் பணம் திரும்பினால் எடுங்கள், இல்லையென்றால் நல்ல பெட்ரோல் வண்டியே போதும். 30,000 என்பது நான் சும்மா போட்டது, உங்கள் ஓடோமீட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஸ்பேனர் 14:
மெக்கானிக் என்ற முறையில் சொல்கிறேன். ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. மைல்டு ஹைபிரிடில் பெரும்பாலும் மோட்டார் மட்டும் தனியாக வண்டியை நகர்த்தாது, இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மிச்சமும் கொஞ்சம்தான். உங்களுக்குத் தேவை ஸ்ட்ராங் ஹைபிரிட், 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் வழியில் வந்தவை. மோட்டாரே வண்டியை நகர்த்தும், பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வெறும் சூடாகப் போயிருக்க வேண்டிய சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பும். அதனால்தான் நின்று நின்று போகிற ஓட்டத்தில் இது ஜெயிக்கிறது. பிரேக் பேடும் நெடுநாள் வரும். இந்த டொயோட்டா வகையில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது, கெட்டுப்போக இரண்டு சாமான் குறைவு.

பேட்டரி பயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் அதை முழுதாக நிரம்பவும் விடாது, முழுதாக வற்றவும் விடாது, நடுவிலேயே வைத்திருக்கும், ஆயுள் நீள்வது அதனால்தான். 2011இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய 2002 மாடல் பிரியஸ் ஒன்றைச் சோதித்தது. பத்து வருடம் முன்பு அவர்கள் புதிதாகச் சோதித்த அதே வகை பிரியஸ் கொடுத்ததற்குக் கிட்டத்தட்ட அதே மைலேஜைக் கொடுத்தது, பேட்டரியும் பழையதேதான். எல்லா வண்டிக்கும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன், வெயிலில் வேகிற பேட்டரி சீக்கிரம் தளரும்.

உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பல மாடல்களில் பேட்டரிக்குக் காற்று இழுக்கிற ஜன்னல் பின்சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும், உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கிரில். சீட்டை மடக்கி அட்டைப்பெட்டி அடுக்குகிறவர்கள் முதலில் மறைப்பது அதைத்தான். கழற்றினால் உள்ளே ஃபில்டரில் அட்டைத்தூளும் நூலும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்திருக்கும், ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும், பேட்டரி சூடேறும். வாங்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் சரக்கு வைக்காதபடி ஒரு தடுப்பு போட்டுவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஃபில்டரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

மேட்டுரோடு:
எல்லாரும் ஹைபிரிட் புராணம் பாடுகிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பாட்டும் கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் பிரேக்கிலிருந்து கிடைப்பதற்கு ஒன்றுமில்லை, லாபம் வெகுவாகக் குறையும். வெளியூர் ஆர்டர் எடுக்கிற எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் லோடு. சில மாடல்களில் பேட்டரி டிக்கியைத் தின்றுவிடும், ஸ்பேர் டயர்கூட இருக்காது. கையேட்டில் வண்டி தாங்கும் எடை போட்டிருக்கும், அதில் ஆட்கள் எடையும் அடக்கம் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. முழுக்க ஊருக்குள்தான், ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் சார்ஜ் போட வசதி உண்டு என்றால் நேராக எலெக்ட்ரிக் வண்டியையே யோசிக்கலாமே, நடுவில் இது எதற்கு?

கடைச்சாவி:
நன்றி எல்லாருக்கும். வண்டி தெருவோரத்தில்தான் நிற்கிறது, சார்ஜ் போட வழியில்லை, அதனால் எலெக்ட்ரிக் இப்போதைக்கு வேண்டாம். இரண்டே சந்தேகம். ஏசியோடு காத்திருக்கும்போது ஹைபிரிடில் என்ன நடக்கும்? ஓட்டப்போவது டிரைவர் தம்பி, அவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

ஸ்பேனர் 14:
ஸ்ட்ராங் ஹைபிரிடில் பெரும்பாலும் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும், அதனால் இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி வரும். சார்ஜ் இறங்கினால் இன்ஜின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அடங்கும். பழைய வண்டி நின்ற இடத்தில் குடித்ததோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு, உங்களுக்குப் பெரிய மிச்சம் இங்கேதான்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது: சிக்னலைத் தூரத்திலேயே பார்த்து மெதுவாகப் பிரேக்கை அழுத்தினால் மோட்டார் சக்தியைச் சேமிக்கும், கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் அது பேடுக்கும் டிஸ்க்குக்கும்தான் போகும். இறங்கும்போது டாஷ்போர்டில் வண்டி ஆனில் இருப்பதைக் காட்டுகிற ரெடி விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். சத்தமே இல்லாததால் வண்டி ஆனிலேயே இருப்பது தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தானே இன்ஜின் எழுந்து ஓடும். நீண்ட விடுமுறை விட்டால் பெரிய பேட்டரி அவ்வளவு சீக்கிரம் இறங்காது, பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் முதலில் இறங்கிப்போய் வண்டி கிளம்பாது. இன்ஜின் அறையிலும் அடியிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிற கேபிளில், உதிரிபாகக் கடை என்கிற தைரியத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், அது ஹை வோல்டேஜ்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போச்சு. பேட்டரி வாரண்டித் தாளில் வியாபாரப் பயன்பாட்டுக்குத் தனி நிபந்தனை இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே படியுங்கள். சில நிறுவனங்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரு காலவரையும் டெலிவரி, டாக்ஸி ஓட்டத்துக்குக் குறைந்த காலவரையும் போடுவதுண்டு. விற்பனையாளர் வாயால் சொல்வதை விடுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.