நிலவேம்பும் சி. எலிகன்ஸ் புழுவும்: ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

மதுரை_புதுசு: பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். நிலவேம்புச் சாறு சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய ஆய்வகப் புழுவின் ஆயுளை நீட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் கைடு. எங்கள் லேபில் இதற்குமுன் யாரும் புழு வளர்த்ததில்லை. பக்கத்து டிபார்ட்மென்ட்டில் ஒரு தட்டு என்2 (அந்தப் புழுவின் வழக்கமான ஆய்வக ரகம்) தருகிறார்கள். சாறும் தயார். நேராக ஆயுள் சோதனையில் இறங்கலாமா? இன்குபேட்டர் வரும்வரை ஏசி அறை போதுமா?

புழுக்கார_அக்கா: தம்பி, சாற்றை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஏசி அறை போதாது. ராத்திரி கரண்ட் போனால் மதுரை வெயிலுக்கு அறை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சூடு ஏறினால் ஆயுள் சுருங்கும், 25 டிகிரியைத் தாண்டினால் முட்டையும் குறையும். அப்புறம் எது சாற்றால், எது வெப்பத்தால் என்று பிரிக்கவே முடியாது.

புழு கைக்கு வந்ததும் அதில் கொஞ்சத்தைச் சேமிப்புக்காக உறையவைத்துவிடுங்கள். பட்டினி கிடந்த இளம்புழுக்கள்தான் உறைவிலிருந்து காக்கும் கிளிசராலில் நன்றாகப் பிழைக்கும். தெர்மாகோல் பெட்டியில் வைத்து மெதுவாகக் குளிரவிட்டு மைனஸ் 80-இல் போடுங்கள். ஒரு குழாயை உருக்கிப் பார்த்து, புழு நெளிந்தால்தான் அது நம்பி வைக்கக்கூடிய ஸ்டாக். என்2 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் லேபுக்கு லேப் ஆயுள் வேறுபட்டிருக்கிறது. முடிந்தால் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கும் சிஜிசி என்ற புழு ரகச் சேமிப்பு மையத்திலிருந்தே வரவழையுங்கள்.

இனி முக்கியமானது. புழு தின்பது ஓபி50 என்ற ஈ. கோலை. உங்கள் சாறு அந்த பாக்டீரியாவை அடக்கினால் புழு அரைப்பட்டினி கிடக்கும். அரைப்பட்டினியே ஆயுளை நீட்டும்! மூலிகை வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதுவீர்கள். ரிவியூவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அதனால் முதலில் சாறு கலந்த திரவத்தில் ஓபி50 எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பிறகு, கொன்ற பாக்டீரியாவைத் தீனியாகப் போட்டும் சோதனையைச் செய்யுங்கள். கரைப்பான் மட்டும் சேர்த்த தட்டும் கட்டாயம்.

பெட்ரி_தட்டு: எஃப்யூடிஆர் (குஞ்சு உருவாகாமல் தடுக்கும் வேதிப்பொருள்) போட்டால் குஞ்சு தொல்லை இருக்காது, தினமும் புழுவை மாற்ற வேண்டாம்.

புழுக்கார_அக்கா: வேலை மிச்சம்தான். ஆனால் அதுவே சில ரகங்களில் ஆயுளை மாற்றும். ஒருமுறையாவது அது இல்லாமல் கையால் மாற்றிச் செய்துவிடுங்கள்.

மதுரை_புதுசு: நன்றி அக்கா. ஆனால் டாக்டரல் கமிட்டியில் காட்ட ஏதாவது வேண்டுமே?

புழுக்கார_அக்கா: சாறு போடாத புழுக்களின் ஆயுள் வரைபடத்தை மூன்று முறை எடுத்து, மூன்றும் ஒத்துவருவதைக் காட்டுங்கள். கூடவே ஓபி50 வளர்ச்சிக் கோடு. முதல் கூட்டத்துக்கு அது தாராளம்.