புதுப்பிப்பு: 25 ஆண்டு ஊழியப் பாராட்டு விழா, ஏற்புரை எப்படிப் போனது

ஒரே சபையில் 25 ஆண்டு ஊழியம் செய்ததற்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள், ஏற்புரையில் என்ன பேசலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கைகொடுத்தது, சார்ல்ஸ் சிமியோனைச் சொல்லுங்கள் என்று ஒரு சகோதரர் தந்த யோசனை. கேம்பிரிட்ஜ் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் 1782 முதல் 1836இல் இறக்கும்வரை அவர்தான் போதகர். தொடக்கத்தில் அவரைப் பிடிக்காத சபையார் கதவு வைத்த தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு ஆராதனைக்கு வராமலே இருந்தார்கள். வந்தவர்கள் நடைவழியில் நின்று பிரசங்கம் கேட்டார்கள். “நீங்கள் என்னை அந்த அளவுக்குச் சோதிக்கவில்லை, அதற்கே நன்றி” என்றதும் சபை சிரித்துவிட்டது. என் பதற்றமும் போய்விட்டது.

பலர் சொன்ன எபெனேசர் வசனத்தை (‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்’, 1 சாமுவேல் 7:12) எனக்கு முன் வாழ்த்துரை சொன்னவர்களே மாறி மாறி எடுத்துவிட்டார்கள். மாற்று வசனம் ஒன்று கைவசம் வைத்திருங்கள்.

‘சால்வை வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுங்கள்’ என்று அறிவித்தது பாதிதான் பலித்தது: நோட்டும் வந்தது, சால்வையும் வந்தது!

எதிர்பாராதது ஒன்று. திடீரென என் மனைவியை மைக்கில் பேச அழைத்தார்கள். சரி, சொல்வதற்கென்ன, அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். துணைவியாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.