மரகதப்புறா: கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் மாட்டுவதற்காக, தமிழ்நாட்டில் மரகதப்புறா எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு வரைபடம் தயார் செய்கிறேன். மாநிலப் பறவை என்று பேர்தான், நேரில் பார்த்தவர்கள் குறைவு.

ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இது அழியும் ஆபத்து குறைந்த இனம். இந்தியா, இலங்கையில் தொடங்கி இந்தோனேசியா வரை பரவியிருப்பதால் அப்படி. அதை வைத்து நம் மலைகளின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

வால்பாறை, டாப்சிலிப் பக்கம் எனக்குத் தகவல் கிடைத்துவிடும். ஈரக்காடு, மூங்கில் புதர், நிழல் அடர்ந்த காப்பித் தோட்டம் என்றால் அதற்குப் பிடிக்கும். தரையில் உதிர்ந்த விதை, பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். ஆள் அரவம் கேட்டால் தாழ்வாக விருட்டென்று பறந்துவிடும். அப்போது முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு வெளிர் பட்டைகள் தெரியும்.

சிக்கல் கிழக்கில்தான். கொல்லிமலை, ஏற்காடு, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலையில் பார்த்தவர்கள் இடம், மாதம், எந்த மாதிரி காடு என்று எழுதுங்கள். ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்து கிடந்ததைப் பார்த்திருந்தாலும் சொல்லுங்கள். தாழப் பறப்பதால் இதற்கு அப்படி அடிக்கடி நடக்கிறது. போட்டோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூடு இருக்கும் இடத்தை மட்டும் தயவுசெய்து பொதுவில் போடாதீர்கள், இன்பாக்ஸில் அனுப்புங்கள்.