பழைய ஜாங்கோ திட்டத்தைப் புது உபுண்டுவில் ஓட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஆத்தங்குடியில் சித்தப்பா டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய ஆர்டர் நோட்டில் சிவப்புச் சாயம் படிந்து பாதிக் கணக்கு படிக்கவே முடியவில்லை. அதற்காக முன்பு எழுதிய இணையத் திட்டத்தை மறுபடி எடுத்திருக்கிறேன்.

அது பைத்தான் மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 3.2 பதிப்பில் எழுதியது; அந்தப் பதிப்பு பைத்தான் 3.10 வரைதான் ஏற்கும். என் மடிக்கணினியில் உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்), அதனுடன் வருவது பைத்தான் 3.12. வென்வ் (திட்டத்துக்கென்று தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கினாலும் உள்ளே அதே 3.12தான். போதாக்குறைக்கு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைக்கும் சைக்கோபிஜி2 நிறுவும்போது ‘பிஜி கான்ஃபிக்’ (pg_config) இல்லை என்று நின்றுவிடுகிறது. லிப்பிக்யூ டெவ் (libpq-dev) பொதியைப் போட்டால் தீருமா?

கணினியின் பைத்தானில் கைவைக்காமல் 3.10ஐத் தனியே நிறுவ பல பைத்தான் பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் நல்லதா, நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் நல்லதா? நினைவகம் 4 ஜிபிதான். செய்து பார்த்தவர்கள் கட்டளைகளை வரிசையாக எழுதினால் இன்றிரவே உட்கார்ந்துவிடுவேன்.