ஹோமோசிஸ்டீன் 28: அப்பாவுக்கு ஆயுள் முழுவதும் மாத்திரையா?

ராயபுரம் மகள்:
எங்கள் குடியிருப்பில் நடந்த பரிசோதனை முகாமில், 12 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உட்கொண்டுவரும் என் அப்பாவுக்கு ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் லிட்டருக்கு 28 மைக்ரோமோல் என்று வந்திருக்கிறது. 15 வரைதான் இயல்பு என்று அறிக்கையில் இருக்கிறது. மாரடைப்பு வராமலிருக்க ஆயுள் முழுவதும் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் மாத்திரை போட வேண்டும் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். இது அவசியம்தானா?

பெரம்பூர் வாசகர்:
மாரடைப்புக்காக என்றால் அவசியமில்லை, சகோதரி. வெவ்வேறு நொதிக் குறைபாடுகளோடு பிறந்த இரு குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் ஒரே மாதிரியான தடிப்பைக் கண்ட கில்மர் மெக்கல்லி, இருவருக்கும் பொதுவாக மிகுந்திருந்த ஹோமோசிஸ்டீனே காரணம் என்று 1969இல் எழுதினார். நல்ல ஊகம்தான். ஆனால் மாரடைப்புக்கு ஆளான 3,749 பேரிடம் நார்வேயில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையால் ஹோமோசிஸ்டீன் அளவு கால் பங்குக்கு மேல் இறங்கியும் மாரடைப்பு குறையவில்லை.

காசிமேட்டுக்காரர்:
பாதியைச் சொல்லி மீதியை விடுகிறீர்கள், ஐயா. சீனாவில் உயர் இரத்த அழுத்தமுள்ள 20,702 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், எனலாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தபோது முதல் பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது. கை கால் விழுந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது சிறிய எண்ணாகத் தெரியாது.

பெரம்பூர் வாசகர்:
மறுக்கவில்லை. ஆனால் அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இல்லை. உடலில் ஃபோலேட், அதாவது இதே வைட்டமின், குறைந்திருந்தவர்களே அதிகம் பயன்பெற்றார்கள். பக்கவாதத்தில் கண்ட பலனைக் காட்டி மாரடைப்புக்கு வாக்குறுதி கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வண்ணாரப்பேட்டை ஆய்வக ஊழியர்:
அந்த 28 மெய்தானா என்று முதலில் பாருங்கள். இரத்தம் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் குழாய்க்குள் ஹோமோசிஸ்டீனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். குழாயைப் பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். நான் வேலை செய்த ஒரு முகாமில், காலை ஏழு மணிக்கு எடுத்த குழாய்கள் பதினொன்றரை வரை ஷாமியானாவுக்கு அடியில் தட்டிலேயே கிடந்தன; நான் சொல்லியும் யாரும் பனிக்கட்டி வாங்கவில்லை. சிறுநீரகம் தளர்ந்தாலும் இது ஏறும் என்பதால் கிரியாட்டினினும் பாருங்கள். பி12 வைட்டமின் குறைந்தாலும் ஏறும், பாதமும் மரத்துப்போகும். அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போகிறதா?

ராயபுரம் மகள்:
ஆமாம். நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை. நான்தான் எடுத்துவந்து போட்டுவிடுவேன். சர்க்கரையால்தான் என்று நினைத்திருந்தோம். வாரத்தில் நான்கு நாள் மீன் சாப்பிடும் வீட்டில் பி12 குறையுமா?

வண்ணாரப்பேட்டை ஆய்வக ஊழியர்:
குறையும், அக்கா. மீனில் பி12 தாராளமாக உண்டு. ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் தடுக்கிறது. ஹோமோசிஸ்டீனைத் திரும்ப மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும் நொதிக்கு பி12, ஃபோலேட் இரண்டும் வேண்டும். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தச்சோகை சரியானதுபோலத் தோன்றும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். பி12 அளவு தெரியும்வரை அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டாம். முடிவை மருத்துவரிடம் காட்டி, பாதத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரர்:
அப்படியானால் இங்கே கொண்டுவந்து சேர்த்தது அந்த எண்தானே? இந்தச் சோதனை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பெரம்பூர் வாசகர்:
பாதத்தைத் தொட்டுப் பார்த்து, எத்தனை ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்று கேட்டிருந்தால் அந்த எண் இல்லாமலே இங்கே வந்திருக்கலாம். முகாமில் யாராவது அவருடைய செருப்பைக் கழற்றச் சொன்னார்களா, சகோதரி?

ராயபுரம் மகள்:
இல்லை. மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. நாளைக் காலை வெறும் வயிற்றோடு அப்பாவை ஆய்வகத்துக்கே அழைத்துப்போகிறேன். பிளாஸ்மாவைப் பிரிக்கும்வரை அங்கேயே இருப்பேன்.